எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி: இந்த எழுத்துகள் எதைச் சொல்கின்றன, எங்கிருந்து வந்தன?

பாடக்குறிப்பு கேட்டது:

வணக்கம். டிஎம்எல்டி (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு) முதலாண்டு மாணவர்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். கல்லீரல் நொதிகள் பகுதியில் சிக்கல். பெரும்பாலான ஆய்வகங்களின் ரிப்போர்ட்டில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்று வருகிறது. பாடப்புத்தகத்தில் ஏஎஸ்டி, ஏஎல்டி. மாணவர்கள் நான்கையும் மனப்பாடம் செய்துவிட்டு, எது எதுவென்று மாற்றி எழுதுகிறார்கள். விரிவாக்கத்தைச் சொல்லிக்கொடுத்தால் குழப்பம் கூடத்தான் செய்கிறது. எஸ்ஜிபிடி என்றால் சீரம் குளூட்டமிக் பைருவிக் டிரான்ஸ்அமினேஸ். அதில் அலனைன் என்ற சொல்லே இல்லை. ஏஎல்டி என்றால் அலனைன் அமினோடிரான்ஸ்ஃபரேஸ். அதில் குளூட்டமிக்கும் இல்லை, பைருவிக்கும் இல்லை. ஒரே நொதிக்கு ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு பெயர் எப்படி வந்தது? பெயரில் இருக்கும் ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்தது? தமிழில் எழுதும்போது எந்தப் பெயரை வைப்பது நல்லது? மேசையில் டெஸ்ட் போடும்போது இந்தப் பெயரறிவு ஏதாவது பயன்படுமா என்பதையும் சேர்த்துச் சொன்னால் குறிப்பு முழுமையாகும்.

வேதிமணி பதில்:

ஒட்டும் உறவும் உண்டு. வினையை எழுதிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

அலனைன் + ஆல்பா கீட்டோகுளூட்டரேட் ⇌ பைருவேட் + குளூட்டமேட்

அஸ்பார்டேட் + ஆல்பா கீட்டோகுளூட்டரேட் ⇌ ஆக்ஸலோஅசிடேட் + குளூட்டமேட்

வினை இரண்டு பக்கமும் ஓடக்கூடியது. பழைய பெயர் வைத்தவர்கள் வலப்பக்கம் நின்று, அங்கே இருக்கும் இரண்டு பொருள்களையும் எடுத்துப் பெயராக்கினார்கள். முதல் வினையில் குளூட்டமேட்டும் பைருவேட்டும், அதனால் ஜிபிடி. இரண்டாவதில் குளூட்டமேட்டும் ஆக்ஸலோஅசிடேட்டும், அதனால் ஜிஓடி. புதிய பெயர் வைத்தவர்கள் இடப்பக்கம் போய், அமினோ தொகுதியைக் கொடுக்கும் அமிலத்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முதலாவதில் அலனைன், இரண்டாவதில் அஸ்பார்டேட். கீட்டோகுளூட்டரேட் இரண்டிலும் பொது என்பதால் சுருக்கப் பெயரில் அதை விட்டுவிட்டார்கள். ஆக, ஒரே வாசலுக்கு உள்ளே இருந்து ஒரு பெயர், வெளியே இருந்து ஒரு பெயர்.

மாணவர்கள் மாற்றி எழுதாமல் இருக்க கார்பனை எண்ணச் சொல்லுங்கள். பைருவேட்டில் 3 கார்பன், அலனைனிலும் 3. ஆக்ஸலோஅசிடேட்டில் 4, அஸ்பார்டேட்டிலும் 4. கீட்டோகுளூட்டரேட்டிலும் குளூட்டமேட்டிலும் 5. இந்த நொதி கார்பன் எலும்புக்கூட்டைத் தொடுவதே இல்லை. அமினோ தொகுதியை மட்டும் ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுகிறது. பைருவேட்டுக்கு அமினோ தொகுதி கிடைத்தால் அது அலனைன். ஆகவே பி இருக்கும் எஸ்ஜிபிடிதான் ஏஎல்டி. ஆக்ஸலோஅசிடேட்டுக்குக் கிடைத்தால் அஸ்பார்டேட். ஓ இருக்கும் எஸ்ஜிஓடிதான் ஏஎஸ்டி. இதற்கு மனப்பாடச் சூத்திரம் வேண்டியதில்லை. வினையை ஒருமுறை கையால் எழுதியவர் பிறகு மாற்றி எழுத மாட்டார்.

எஸ் என்ற எழுத்தைத் தனியாக விளக்குங்கள். அது நொதியின் பெயரைச் சேர்ந்ததே இல்லை. எந்த மாதிரியில் அளந்தோம் என்பதைச் சொல்கிறது. நொதியின் பெயர் ஜிபிடிதான். அதைச் சீரத்தில் அளந்தால் எஸ்ஜிபிடி. அதனால் 'சீரம் எஸ்ஜிபிடி' என்று எழுதினால் சீரம் இரண்டு முறை வந்துவிடுகிறது. ஹெப்பாரின் குழாயில் எடுத்த பிளாஸ்மாவில் அளந்துவிட்டு எஸ்ஜிபிடி என்று ரிப்போர்ட் கொடுத்தால் அந்த எஸ் பொய்யாகிறது. மாதிரி எதுவானாலும் பொருந்துவது ஏஎல்டி என்ற பெயர். அதை விரும்பக் காரணமாக இது ஒன்றே எனக்குப் போதும்.

இன்னொரு பாத்திரம் பெயரில் வராமல் ஒளிந்திருக்கிறது: பிரிடாக்சல் பாஸ்பேட், அதாவது வைட்டமின் பி6-இன் செயல்படும் வடிவம். அமினோ தொகுதியை நொதி நேராகக் கைமாற்றுவதில்லை. முதலில் அலனைன் தன் அமினோ தொகுதியைப் பிரிடாக்சல் பாஸ்பேட்டிடம் கொடுக்கிறது. அது பிரிடாக்சமைன் பாஸ்பேட்டாக மாறுகிறது. அலனைன் பைருவேட்டாகி வெளியேறுகிறது. பிறகு கீட்டோகுளூட்டரேட் உள்ளே வந்து அமினோ தொகுதியை வாங்கிக்கொண்டு குளூட்டமேட்டாகப் போகிறது. இந்தத் துணை இல்லாத நொதி வேலை செய்யாது. சோதனை மேசையில் இது எவ்வளவு பெரிய வித்தியாசத்தைச் செய்கிறது என்பதை ஆய்வகத்தில் இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

சொல்லாய்வு பதில்:

துண்டு துண்டாகப் பார்ப்போம். பெயரின் வால் பகுதியில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் அது எல்லா நொதிக்கும் பொது.

'ஏஸ்' என்ற விகுதி டயஸ்டேஸ் என்ற ஒரே சொல்லிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. 1833-இல் பிரான்சில் பயன், பெர்சோ என்ற இருவர் முளைகட்டிய பார்லியிலிருந்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் ஒரு பொருளைப் பிரித்து, அதற்கு டயஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். கிரேக்கத்தில் டயஸ்டாசிஸ் என்றால் பிரித்தல். நம் மருந்துக்கடைகளில் விற்கும் செரிமான சிரப்புகளின் லேபிளில் 'ஃபங்கல் டயஸ்டேஸ்' என்று இன்றும் இருப்பது இந்தப் பழைய பெயர்தான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எமில் டுக்ளோ, முதலில் பிரிக்கப்பட்ட இந்த நொதிக்கு மரியாதையாக இனி எல்லா நொதிப் பெயரும் 'ஏஸ்' என்று முடியட்டும் என்று முன்மொழிந்தார். அதற்கு முன்பே பெயர் பெற்றவை தப்பித்துக்கொண்டன: பெப்சின் 1836-இல் ஷ்வான் வைத்த பெயர், டிரிப்சின் கூனே வைத்த பெயர். அவற்றில் 'ஏஸ்' இல்லாததற்கு இதுதான் காரணம்.

என்சைம் என்ற சொல்லையே உருவாக்கியவரும் அதே வில்ஹெல்ம் கூனேதான். 1870களின் பிற்பகுதியில், ஹைடல்பெர்கில். அப்போது ஈஸ்ட் போன்ற உயிருள்ளவற்றையும் பெப்சின் போன்ற பொருள்களையும் சேர்த்து ஃபெர்மென்ட் என்றே அழைத்துவந்தார்கள். உயிரற்ற பொருளைப் பிரித்துக் காட்ட ஒரு சொல் தேவைப்பட்டது. கிரேக்கத்தில் 'என்' என்றால் உள்ளே, 'ஸைமே' என்றால் புளிக்கவைக்கும் ஈஸ்ட் அல்லது புளித்த மாவு. 'ஈஸ்டுக்குள் இருப்பது' என்று பொருள். தமிழ் 'நொதி' இதற்கு வெகு அருகில் நிற்கிறது. நொதித்தல் என்ற வினைச்சொல்லிலிருந்து வந்தது. மாணவர்களிடம் தயங்காமல் நொதி என்றே சொல்லலாம், மூலச்சொல்லின் கருத்து அதில் அப்படியே இருக்கிறது.

அடுத்து டிரான்ஸ்அமினேஸ். 'டிரான்ஸ்' லத்தீன், குறுக்கே, அப்பால். அமீன் அம்மோனியாவிலிருந்து வந்தது. அம்மோனியா என்ற பெயருக்கு வேர் எகிப்தியக் கடவுள் அமூன். லிபியப் பாலைவனத்தில் இருந்த அவர் கோயிலோடு தொடர்புபடுத்தி 'அமூனின் உப்பு' என்று அழைக்கப்பட்டது நவச்சாரம். அமினோ தொகுதியை மாற்றும் இந்த வினையை 1937-இல் மாஸ்கோவில் பிரவுன்ஸ்டைன், மரியா கிரிட்ஸ்மன் இருவரும் புறாவின் நெஞ்சுத் தசையை வைத்துக் கண்டறிந்தார்கள். தசையில் கண்டுபிடிக்கப்பட்ட வினை என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். 'கல்லீரல் நொதி' என்ற பட்டம் பிறகு வந்ததுதான்.

இனி வேதிப்பொருள்களின் பெயர்கள். இந்தப் பகுதி எனக்கு மிகப் பிடித்தது, ஏனென்றால் எல்லாம் செடிகொடியிலும் சமையலறையிலும் போய் முடிகிறது.

குளூட்டமிக் அமிலம்: 1866-இல் ரிட்ஹவுசன் கோதுமையின் குளூட்டனிலிருந்து பிரித்தார். குளூட்டன் என்றால் லத்தீனில் பசை. இதன் சோடிய உப்புதான் அஜினோமோட்டோ.

பைருவிக் அமிலம்: 'பைர்' கிரேக்கத்தில் நெருப்பு, 'ஊவா' லத்தீனில் திராட்சை. திராட்சையிலிருந்து வரும் டார்டாரிக் வகை அமிலத்தைச் சூடாக்கி வடித்துப் பெற்றதால் 1835-இல் பெர்சீலியஸ் இப்படிப் பெயரிட்டார். நாம் குழம்புக்குக் கரைக்கும் புளியின் முக்கிய அமிலமும் டார்டாரிக்தான்.

ஆக்ஸலோஅசிடிக்: ஆக்ஸாலிஸ் என்பது நம் புளியாரை இருக்கும் பேரினத்தின் பெயர். கிரேக்கத்தில் 'ஆக்சிஸ்' என்றால் கூர்மை, புளிப்பு. 'அசிட்டம்' லத்தீனில் வினிகர். புளியாரையும் வினிகரும் சேர்ந்த பெயர் இது.

அஸ்பார்டேட்: ஆஸ்பராகஸ். 1806-இல் வோக்லானும் ரோபிகேயும் ஆஸ்பராகஸ் சாற்றிலிருந்து அஸ்பாரஜினைப் படிகமாக எடுத்தார்கள். முதலில் பிரிக்கப்பட்ட அமினோ அமிலம் அது. அதிலிருந்து வந்தது அஸ்பார்டிக் அமிலம். நம் தண்ணீர்விட்டான் கிழங்கும் அதே பேரினம்.

அலனைன் மட்டும் செடியில்லாப் பெயர். 1850-இல் ஸ்ட்ரெக்கர் அசிடால்டிஹைடிலிருந்து செயற்கையாகத் தயாரித்தார். ஆல்டிஹைடின் 'அல்' எடுத்து, நடுவில் ஓசைக்காக 'அன்' சேர்த்து, 'இன்' என்று முடித்தார். நடுத்துண்டுக்குப் பொருள் எதுவும் இல்லை, தேட வேண்டாம்.

சீரம் என்றால் லத்தீனில் திரிந்த பாலின் தெளிநீர். இரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் மஞ்சள் நீருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

பெயர் ஏன் மாறியது என்பதற்கும் சுருக்கமாக ஒன்று. நொதிகள் பெருகப் பெருக ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். பன்னாட்டு உயிர்வேதியியல் ஒன்றியத்தின் நொதிக்குழு 1961-இல் எண் முறையைக் கொண்டுவந்தது. வகுப்பு 2 என்றால் டிரான்ஸ்ஃபரேஸ், அதாவது ஒரு தொகுதியை இடம் மாற்றுபவை. 2.6 நைட்ரஜன் தொகுதிகளை மாற்றுபவை. 2.6.1.1 ஏஎஸ்டி, 2.6.1.2 ஏஎல்டி. எந்த நாட்டு ரிப்போர்ட் என்றாலும் இந்த எண் மாறாது.

ஆய்வகமேசை பதில்:

பெயரறிவு மேசையில் பயன்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ரியேஜென்ட் பாட்டிலே பெயரின் விளக்கம்தான். ஏஎல்டி கிட் லேபிளைப் படியுங்கள்: எல்-அலனைன், கீட்டோகுளூட்டரேட், எல்டிஎச் (லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி), என்ஏடிஎச் (ஹைட்ரஜனைக் கொடுக்கும் துணைப்பொருள்). ஏஎஸ்டி கிட்டில்: எல்-அஸ்பார்டேட், கீட்டோகுளூட்டரேட், எம்டிஎச் (மாலேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி), என்ஏடிஎச், கூடவே கொஞ்சம் எல்டிஎச். அலனைனும் அஸ்பார்டேட்டும் வினையின் இடப்பக்கத்துப் பொருள்கள். அதாவது புதிய பெயர் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் நாம் அளக்கிறோம். விளைபொருளாக வரும் பைருவேட்டும் ஆக்ஸலோஅசிடேட்டும்தான் பழைய பெயர்.

அந்த விளைபொருளை நேராகப் பார்க்க முடியாது. அதனால் இரண்டாவது நொதி. பைருவேட்டை எல்டிஎச் லாக்டேட்டாக மாற்றும். ஆக்ஸலோஅசிடேட்டை எம்டிஎச் மாலேட்டாக மாற்றும். இரண்டிலும் என்ஏடிஎச் செலவாகும். என்ஏடிஎச் 340 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும், செலவானபின் உறிஞ்சாது. ஆகவே உறிஞ்சளவு நிமிடத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் நொதி எவ்வளவு என்று தெரியும். இந்த முறையை 1955-இல் வெளியிட்டவர் ஆர்தர் கார்மன். அதற்கு முந்தைய ஆண்டு லாடூ, ரோப்லெவ்ஸ்கி, கார்மன் மூவரும் மாரடைப்பு வந்தவர்களின் சீரத்தில் ஜிஓடி ஏறுகிறது என்று அறிவித்திருந்தார்கள். எஸ்ஜிஓடி முதலில் இதய டெஸ்ட்டாகத்தான் புகழ்பெற்றது. இன்று அந்த இடம் டிரோபோனின் என்ற இதயத் தசைப் புரதத்துக்குப் போய்விட்டது.

கணக்கைக் குறிப்பில் கட்டாயம் சேருங்கள், அனலைசரில் 1768 என்று ஃபேக்டர் (உறிஞ்சளவு இறக்கத்தை யூனிட்டாக மாற்றும் பெருக்கெண்) போடுகிறவர்களில் பலருக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரிவதில்லை. ரியேஜென்ட் 1000 மைக்ரோலிட்டர், சீரம் 100 மைக்ரோலிட்டர், மொத்தம் 1100. என்ஏடிஎச்சின் மோலார் உறிஞ்சுதிறன் 6220. 1100-ஐ 100-ஆல் வகுத்தால் 11. அதை 10,00,000-ஆல் பெருக்கி 6220-ஆல் வகுத்தால் 1768. கியூவெட் (ஒளி கடந்துபோகும் சிறு குழாய்) ஒரு சென்டிமீட்டர் அகலம் என்று கொள்கிறோம். நிமிடத்துக்கு 0.023 இறங்கினால் 0.023 × 1768 = ஏறத்தாழ 41 யூனிட்/லிட்டர். சீரம் அளவை 50 மைக்ரோலிட்டராக்கினால் இந்த ஃபேக்டர் செல்லாது, 3376 ஆகும். கிட் மாற்றும்போது பழைய ஃபேக்டரையே விட்டுவிடுவது நான் அதிகம் பார்க்கும் பிழை.

அதைவிட ஆபத்தான பிழை ஒன்று இருக்கிறது. கடும் ஹெபடைடிஸ் நோயாளியின் ஏஎல்டி 4000 இருக்கிறது என்று வையுங்கள். 4000-ஐ 1768-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 2.26 இறங்க வேண்டும். ரியேஜென்டில் என்ஏடிஎச் லிட்டருக்கு 0.18 மில்லிமோல்தான் என்றால் அதன் மொத்த உறிஞ்சளவே 1.12. அரை நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். நாமோ 60 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் முதல் ரீடிங் எடுக்கிறோம். அதற்குள் கோடு தரையில் படுத்துவிட்டது, இறக்கமே இல்லை. மெஷின் 12 என்றோ 20 என்றோ காட்டும். கண் மஞ்சளாக இருக்கும் நோயாளிக்கு நார்மல் ரிப்போர்ட் போகும். ஆகவே ரிசல்ட்டை மட்டும் பார்க்காமல் ஆரம்ப உறிஞ்சளவையும் பாருங்கள். அது ரியேஜென்ட் பிளாங்கைவிட வெகு கீழே இருந்தால் சீரத்தை நார்மல் சலைனில் ஒன்றுக்கு ஒன்பது சேர்த்து, மறுபடி ஓட்டி, 10-ஆல் பெருக்குங்கள்.

60 விநாடி காத்திருப்பது எதற்கு என்ற கேள்விக்கும் பதில் பெயரிலேயே இருக்கிறது. சீரத்தில் ஏற்கெனவே கொஞ்சம் பைருவேட் உண்டு. அதையும் எல்டிஎச் லாக்டேட்டாக்கும், என்ஏடிஎச் செலவாகும். அந்த இறக்கம் நோயாளியின் நொதியால் வந்ததில்லை. முதலில் அது தீரட்டும் என்று விடுகிறோம். ஏஎஸ்டி கிட்டில் எல்டிஎச் சேர்ப்பதும் இதே வேலைக்குத்தான்.

மாதிரி விஷயம். சிவப்புத் தட்டிய சீரத்தில் ஏஎஸ்டி போடாதீர்கள்; இரத்தச் சிவப்பணுக்குள் பிளாஸ்மாவில் இருப்பதைப்போலப் பல மடங்கு ஏஎஸ்டி இருக்கிறது. ஏஎல்டி அவ்வளவு பாதிக்காது. சீரத்தை மறுநாள் ஓட்ட வேண்டுமானால் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். மைனஸ் 20-இல் ஏஎல்டி செயலிழக்கும். நீண்ட நாள் வைக்க மைனஸ் 70 வேண்டும்.

பிரிடாக்சல் பாஸ்பேட் பற்றி வேதிமணி கேட்டார். பன்னாட்டு மருத்துவ வேதியியல் கூட்டமைப்பின் பரிந்துரை முறையில் லிட்டருக்கு 0.1 மில்லிமோல் சேர்க்கிறார்கள். முதல் ரியேஜென்டோடு சீரத்தை 37 டிகிரியில் 5 நிமிடம் வைத்துவிட்டு, கீட்டோகுளூட்டரேட் இருக்கும் இரண்டாவது ரியேஜென்டைக் கடைசியில் சேர்த்து வினையைத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் துணையில்லாமல் சும்மா கிடந்த நொதியும் விழித்துக்கொள்ளும். விலை குறைந்த கிட்கள் பலவற்றில் இது இருக்காது. ஒரே சீரம் இரண்டு ஆய்வகத்தில் இரண்டு எண் தருவதற்கு இது ஒரு காரணம். டயாலிசிஸ் நோயாளி, மதுப்பழக்கத்தால் சத்துக் குறைந்தவர் போன்றோருக்கு பி6 குறைவு என்பதால் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

பழைய ரைட்மன்-ஃப்ராங்கல் நிற முறையைப் பாடத்திட்டம் கேட்டால் சொல்லிக்கொடுங்கள், ஆனால் குறையையும் சொல்லுங்கள். 1957-இன் முறை. ஏஎல்டிக்கு 37 டிகிரியில் 30 நிமிடம், ஏஎஸ்டிக்கு 60 நிமிடம், பிறகு டைநைட்ரோபீனைல் ஹைட்ரசின் 20 நிமிடம், கடைசியில் 0.4 நார்மல் காஸ்டிக் சோடா, 505 நானோமீட்டரில் பழுப்பு நிறம். சிக்கல் என்னவென்றால் கீட்டோகுளூட்டரேட்டும் அதே ஹைட்ரசினோடு நிறம் கொடுக்கும். அதனால் பிளாங்க் கனமாக இருக்கும். கோடும் நேராகப் போகாது, மேல்பகுதியில் வளையும்.

பொதுமருத்துவம் பதில்:

மேலே சொன்ன வினையை வைத்தே ரிப்போர்ட்டையும் படிக்கலாம். பட்டினி நேரத்தில் தசை தன் நைட்ரஜனை அலனைனாக இரத்தத்தில் அனுப்புகிறது. கல்லீரல் அதை வாங்கி, ஏஎல்டியால் பைருவேட்டாக்கி, குளுக்கோஸ் செய்கிறது. அதனால்தான் கல்லீரல் செல்லின் சைட்டோபிளாசத்தில் ஏஎல்டி குவிந்திருக்கிறது. கல்லீரலுக்கு அது நல்ல அடையாளம். ஏஎஸ்டியின் வேலை வேறு. மாலேட்-அஸ்பார்டேட் பரிமாற்றத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளும் புறமும் அது வேண்டும். மைட்டோகாண்ட்ரியா நிறைந்த இதயம், தசை, சிறுநீரகம், கல்லீரல் எல்லாவற்றிலும் இருக்கும். எனவே ஏஎஸ்டி மட்டும் ஏறியிருந்தால் கல்லீரல் என்று முடிவுகட்டக் கூடாது. இரத்தம் உடைந்த மாதிரியா, ஜிம்மில் கடுமையாக எடை தூக்கியவரா, தசை நோயா என்று பாருங்கள். சிகே (கிரியேட்டின் கைனேஸ் என்ற தசை நொதி) போட்டால் தசை தெரிந்துவிடும். டூஷேன் தசைச்சிதைவு உள்ள சிறுவனுக்கு இரண்டு நொதியும் ஏறியிருக்கும். சிகே பார்க்காமல் கல்லீரலைத் தேடிக்கொண்டே மாதங்கள் வீணாவது உண்டு.

1957-இல் இத்தாலியின் டி ரிடிஸ் இவ்விரண்டின் விகிதத்தைக் கவனித்தார். வைரஸ் ஹெபடைடிஸிலும் கொழுப்புக் கல்லீரலிலும் பொதுவாக ஏஎல்டி கூடுதல். மதுவால் வரும் ஹெபடைடிஸில் ஏஎஸ்டி இருமடங்குக்கு மேல் நிற்கும், ஆனால் எண்கள் பெரும்பாலும் சில நூறைத் தாண்டாது. பி6 குறைவில் ஏஎல்டிதான் கூடுதலாக அடிவாங்குகிறது, மது மைட்டோகாண்ட்ரியாவையும் தாக்குகிறது. இரண்டும் சேர்ந்து அந்த விகிதத்தை உண்டாக்குகின்றன. இரத்தத்தில் ஏஎஸ்டியின் அரை ஆயுள் ஏறத்தாழ 17 மணி, ஏஎல்டிக்கு 47 மணி. நோய் தணியும்போது ஏஎஸ்டி முதலில் இறங்குவது இதனால்தான்.

காசநோய் மாத்திரை சாப்பிடுவோருக்கு இந்த எண் உயிர்ப் பிரச்சினை. வாந்தி, பசியின்மை, மஞ்சள் காமாலை போன்ற அறிகுறியோடு மேல்வரம்பின் 3 மடங்கு, அறிகுறியே இல்லாமல் 5 மடங்கு: இதைத் தாண்டினால் கல்லீரலைத் தாக்கும் மருந்துகளை நிறுத்தச் சொல்வது வழக்கம். நோயாளி தானாக நிறுத்தக் கூடாது, அன்றே மருத்துவரிடம் வர வேண்டும்.

மாணவர்களுக்கு ஒன்று அழுத்திச் சொல்லுங்கள். 'லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்' என்ற தலைப்பில் இவை இருந்தாலும், இவை கல்லீரலின் செயல்திறனை அளப்பதில்லை. செல் சேதமாகி வெளியே கசிந்த நொதியை அளக்கின்றன. திறனைச் சொல்வது ஆல்புமின், பிலிருபின், புரோத்ராம்பின் நேரம். கடும் பாதிப்பில் 5000 இருந்த ஏஎல்டி மூன்று நாளில் 400-க்கு இறங்கி, அதே நேரம் ஐஎன்ஆர் (புரோத்ராம்பின் நேரத்திலிருந்து கணக்கிடும் எண்) ஏறிக்கொண்டே போனால் அது குணமாவதன் அடையாளம் இல்லை. கசிய இனி செல்களே மிச்சமில்லை என்று பொருள். அந்த இரண்டு எண்ணையும் அருகருகே காணும் ஆய்வக ஊழியர் உடனே வார்டுக்குப் போன் செய்ய வேண்டும்.

யாழ்குருதி பதில்:

இலங்கைப் பாடநூல்களில் நாங்கள் நொதியம் என்றுதான் எழுதுகிறோம், கல்லீரலுக்கு ஈரல். மருத்துவமனை அறிக்கைகளில் ஏ.எல்.ரி, ஏ.எஸ்.ரி என்றே வரும்; எஸ்ஜிபிரி என்று சொல்வது பழைய ஆட்கள்தான். உங்கள் குறிப்பை இரு பக்கத்து மாணவரும் வாசிக்க வாய்ப்புண்டு என்றால் 'நொதி (நொதியம்)' என்று ஓரிடத்தில் போட்டுவிடுங்கள். ஒலிபெயர்ப்பை அப்படியே வைத்து, அதன் கீழே பொருளைத் தமிழில் எழுதுவதே பாதுகாப்பு: 'அலனைனின் அமினோ தொகுதியை மாற்றும் நொதி'. முழுப் பெயரையும் மொழிபெயர்த்துப் புதுச்சொல் உண்டாக்கினால் அறிக்கையில் அச்சாகியிருப்பதோடு அது பொருந்தாது. நோயாளிக்கு அது எந்தப் பரிசோதனை என்றே விளங்காது.

பாடக்குறிப்பு மீண்டும்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கார்பன் எண்ணிக்கையும் 1768 கணக்கும் அப்படியே குறிப்பில் போகின்றன. பெயரை ஒலிபெயர்ப்பாகவே வைக்கிறேன். ஒரு துணைக் கேள்வி: பிரான்சில் இருக்கும் உறவினர் அனுப்பிய ரிப்போர்ட் ஒன்றில் டிஜிஓ, டிஜிபி என்றும் பக்கத்தில் அசாட், அலாட் என்றும் இருக்கிறது. வேறு ஒன்றில் எண் 0.67, அலகு மைக்ரோகாடல். இவையும் அதே நொதிகளா?

வேதிமணி பதில்:

அதே நொதிகள்தான். பிரெஞ்சில் டிரான்ஸ்அமினேஸ் என்ற சொல் முன்னால் வருவதால் எழுத்து இடம் மாறுகிறது: டிஜிஓ என்றால் நம் ஜிஓடி, டிஜிபி என்றால் ஜிபிடி. அசாட் என்பது அஸ்பார்டேட் அமினோடிரான்ஸ்ஃபரேஸின் சுருக்கம், அலாட் அலனைனுடையது. ஜெர்மனியில் ஜிஓடி, ஜிபிடி என்று எஸ் இல்லாமலே எழுதுவார்கள்.

அலகு மட்டும் வேறு. ஒரு யூனிட் என்பது நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் வினை. காடல் என்பது விநாடிக்கு ஒரு மோல். ஆகவே லிட்டருக்கு 1 மைக்ரோகாடல் என்றால் 60 யூனிட். 0.67-ஐ 60-ஆல் பெருக்குங்கள்: ஏறத்தாழ 40 யூனிட்/லிட்டர். பழைய புத்தகங்களில் கார்மன் யூனிட் என்று இருந்தால் அது 25 டிகிரியில் அளந்தது, ஒன்று ஏறத்தாழ 0.48 யூனிட்/லிட்டர். 37 டிகிரியில் எடுத்த இன்றைய எண்ணோடு அதை நேராக ஒப்பிடாதீர்கள், வெப்பநிலை ஏறினால் நொதியின் வேகமும் ஏறும். எந்த ரிப்போர்ட் ஆனாலும் அந்த ஆய்வகம் அச்சிட்டிருக்கும் மேல்வரம்பை வைத்து இத்தனை மடங்கு என்று சொல்லப் பழக்குங்கள்.